கிரைண்டரில் துலக்கிய தோட்டாக்கள்

ஒன்றும் படிக்காதவனால் வீட்டுக்கு ஆபத்தில்லை. அரைகுறையாகப் படித்து, முழுதாகத் திமிர் பிடித்தவனால்தான் ஆபத்து. எங்கள் வீட்டில் அந்தப் பதவியை நான் வகித்தேன்.

ஜெர்மனியில், ஹனோவரில் ஒரு துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்திருந்தேன். (குளிர்காலத்தில் வேறு என்னதான் செய்வது?) சுட்ட தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்ப வகுப்புக்குப் போய், அரசாங்க அனுமதியும் எடுத்துவிட்டேன். சங்கத்தின் போட்டி அணியில் ஓரிடம் காலியாக இருந்தது. "என் கையால் செய்த தோட்டாவோடு வருகிறேன்" என்று தலைவர் குந்தரிடம் மார்தட்டினேன்.

கடைக்காரர் காட்டிய அழுத்து இயந்திரம், தராசு எல்லாம் வாங்கினேன். கடைசியாக, பித்தளைக் கூடுகளைத் துலக்க ஓர் உருளை இயந்திரத்தைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பித்தளை துலக்க இயந்திரமா? பாவம், இந்தச் சனத்துக்குப் புளி தெரியாது.

என் மனைவி வதனி வேலைக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய கிரைண்டரில் கல்லைக் கழற்றிவிட்டு, கூடுகளைப் போட்டுப் புளித்தண்ணீர் ஊற்றிச் சுழலவிட்டேன். குத்துவிளக்குத் தோற்றது! உள்ளே நன்றாகக் காய வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள்தான். வெளியே துணியால் துடைத்தால் போதாதா? (மேதை!) துடைத்த கையோடு மருந்தை நிரப்பி மூடினேன்.

மாலையில் வதனி மூடியைத் திறந்தாள். ஒரு கூடு அடியில் கிடந்தது.

"உங்களுக்கு விசரே? ஈயமும் கரியும் பட்டதில இனி உழுந்து அரைக்க ஏலுமே?"

"கழுவினாச் சரியப்பா."

"அப்ப நீங்களே அரைச்சு நீங்களே தின்னுங்கோ."

அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளன்று அவளும் வந்தாள். என் தோட்டாக்களின் பளபளப்பைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். குறி பார்த்துச் சுட்டேன். 'டிக்'. அடுத்ததும் 'டிக்'. மூன்றாவதும் அதே. குந்தர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். மருந்து கறுத்த களியாக ஒட்டிக்கிடந்தது. மோந்து பார்த்துவிட்டு, "இதென்ன, புளிக்கவைத்த முட்டைக்கோஸா?" என்றார். சங்கமே குலுங்கியது. வதனியின் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அணியில் இடம் வேறொருவருக்குப் போனது.

வெட்கத்தில் துப்பாக்கியை விற்றேன். அதைப் பூட்டிவைக்கச் சட்டப்படி வாங்கிய இரும்பு அலமாரி மட்டும் மிஞ்சியது. சாவியை வதனி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள், "உள்ள துவக்கோ?" என்று பயந்துபோய்க் கேட்பார்கள். என் மகள் அலுக்காமல் விளக்கம் சொல்வாள்:

"இல்லை அங்கிள், அம்மான்ர புதுக் கிரைண்டர். அதைத் தொட அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லை."