சர்க்குலேஷன் சார் குடித்த பதினோரு டம்ளர்

நடந்தால் மட்டுமே இங்கிலீஷ் வரும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தார். ஐம்பதுகளின் கடைசியில், திருச்சியில் எங்கள் ஆபீசில் ரிக்கார்டு கிளார்க். வாயைத் திறந்தால் ரத்த ஓட்டத்தைப் பற்றித்தான் பேசுவார் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் சர்க்குலேஷன் சார்.

பத்து வயதில் அவருக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்ததும், காய்ச்சலில் மூளை மழுங்கிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார். பதவி உயர்வுக்கு இலாகா பரீட்சையில் இங்கிலீஷ் பேப்பர் தேற வேண்டும். நாலு தடவை எழுதி நாலு தடவையும் தோற்றிருந்தார். வயது வரம்பின்படி இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம்.

அந்தச் சமயத்தில்தான் பஜ்ஜி மடித்து வந்த இங்கிலீஷ் பத்திரிகைத் துண்டில் ஒரு செய்தியைப் பார்த்தார். உடற்பயிற்சி செய்தால் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும், ஞாபகசக்தி வளரும் என்று யாரோ ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். எண்ணெய்க் கறை படிந்த அந்த நாலு பத்தியை டிக்‌ஷனரி வைத்துப் படித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அவர் முழுசாகப் படித்த முதல் இங்கிலீஷ் செய்தி அது. அப்புறம் வாசகசாலையில் அந்த வகைச் செய்திகளை மட்டும் தேடிப் படித்தார். பஸ்ஸை விட்டுவிட்டார். காவிரிப் பாலத்தில் விளக்குக் கம்பத்துக்கு ஒரு வார்த்தை என்று மனப்பாடம் செய்துகொண்டே ஆபீசுக்கு நடந்து வந்தார்.

அதனால் அவருடைய இங்கிலீஷில் உடம்பைத் தவிர வேறு விஷயமே கிடையாது. ஆறு மாதம் தூங்கிய ஒரு ஃபைலில், "இதற்கு ரத்த ஓட்டம் குறைவு, உடனடிப் பயிற்சி தேவை" என்று இங்கிலீஷில் குறிப்பு எழுதினார். ஆபீசர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. உட்கார்ந்தால் அவருக்கு ஒரு வார்த்தையும் ஞாபகம் வராது. யாராவது அர்த்தம் கேட்டால் வராந்தாவில் ஒரு நடை போய்விட்டு வந்துதான் சொல்வார்.

"பரீட்சை மூணு மணி நேரம் சார். நடக்க விடமாட்டாங்களே" என்றேன்.

"அதான் எனக்கும் கவலை. பதவி கூட பெரிசில்லீங்க. எங்கப்பா கடைசி வரைக்கும், 'பாவம், அவனுக்கு ஜுரத்துல போச்சு'ன்னே சொல்லிட்டுப் போயிட்டார். நெசமாவே போச்சான்னு எனக்குத் தெரியணும்."

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலை. வெள்ளி என்று சாதிக்கும் நண்பர்களுக்காக டைரியைப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். வேறொரு பேப்பர் எழுத நானும் அவருக்குப் பின் பெஞ்சில் இருந்தேன். அரை மணி நேரம் அவர் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. பிறகு எழுந்து தண்ணீர் கேட்டார்.

பானை ஹாலின் மறுகோடியில் இருந்தது. போனார், குடித்தார், வந்து நாலு வரி எழுதினார். மறுபடி எழுந்தார். ஐந்தாவது டம்ளரில் சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வந்தது. பானைக்குப் பின்னால் துழாவினார், டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். துண்டுச் சீட்டு எதுவும் இல்லை. கடைசியில் பியூனைக் கூப்பிட்டு, இவர் மேஜையிலேயே ஒரு சொம்புத் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

சர்க்குலேஷன் சார் சொம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேனா நின்றுவிட்டது. பொறுக்க முடியாமல் நான் எழுந்து, நடந்தால்தான் அவருக்கு ஞாபகம் வரும் என்று சொல்லிவிட்டேன். ஹாலே சிரித்தது.

"இது என்ன வியாதிங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"வியாதி இல்லீங்க. வைத்தியம்" என்றார் இவர்.

சூப்பர்வைசர் அவருடைய விடைத்தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மொத்தம் பதினோரு டம்ளர். ரயில் பயணம் பற்றிய கட்டுரையில், ரத்தக் குழாயில் ரத்தம் போவதுபோல ரயில் போயிற்று என்று எழுதினாராம். பட்டியல் வந்தபோது, தேறியவர்களில் கடைசிப் பெயர் அவருடையது. அதை மூன்று தடவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு நானும் நடந்தேன். வழியெல்லாம் தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தார், பெரும்பாலும் அப்பாவைப் பற்றி. அவர் வீட்டு வாசல் வந்ததும், இன்னும் கொஞ்ச தூரம் போகலாமா என்று நான்தான் கேட்டேன்.