வெண்ணெய்க்கு வக்காலத்து

இனிமேல் பெண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று ஸ்ரீரங்கன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தீர்மானம் போட்டார். ஜெயலக்ஷ்மி அப்போது கறிகாய் வாங்க மாடவீதிக்குப் போயிருந்தாள். ஆகவே தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

காரணம் இல்லாமல் இல்லை. மனுஷர் தொண்ணூற்றிரண்டு கிலோ. ராயப்பேட்டை டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "ரத்தக்குழாய் இறுகிண்டு வரது, உடம்பைக் குறையுங்கோ" என்று சொன்ன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அடைக்கு வெண்ணெய் கிடையாது. மூணு மாசம்! வெண்ணெய் இல்லாத அடையைத் தின்பதற்கு வறட்டியையே கடிக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் மாடி போர்ஷன் கல்யாணராமன் தெய்வம் மாதிரி வந்து சேர்ந்தார். மெடிக்கல் காலேஜ் புரொபசர். வெள்ளிக்கிழமை மாடிப்படியில் நிறுத்திவைத்து ஒரு சமாசாரம் சொன்னார். எலியின் ரத்தக்குழாயை எடுத்துச் சோதனை பண்ணும்போது, அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டிக் குப்பையில் போடுவது வழக்கமாம். யாரோ ஒரு புண்ணியவான் சுரண்டாமல் வைத்துப் பார்த்தானாம். கொழுப்போடு இருந்த குழாய் அவ்வளவாக இறுகவே இல்லையாம்! "ஆனா..." என்று புரொபசர் அடுத்ததை ஆரம்பித்தார். ஸ்ரீரங்கன் அதற்குள் பாதிப் படி இறங்கியாச்சு.

ஜெயலக்ஷ்மி பையோடு உள்ளே நுழைந்ததுமே பிடித்துக்கொண்டார்.

"ஜெயம், கொழுப்பு நல்லதாம்."

"யாருக்கு?"

"ரத்தக்குழாய்க்கு. சுத்திக் கொழுப்பு இருந்தா அது இறுகாதாம். புரொபசரே சொன்னார்."

"உங்களுக்கு அது ஜாஸ்தின்னு நான் இருபது வருஷமா சொல்றேனே, யாரு கேட்டா?"

"பரிகாசம் பண்ணாதே. இது சயின்ஸ்!"

ஜெயலக்ஷ்மி முருங்கைக்காயை நிதானமாக எடுத்து வைத்தாள். கோபமே வரவில்லை. அங்கேயே மனுஷர் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமோ?

"சரின்னா. புரொபசர் சொல்றதுக்கு நான் கட்டுப்படறேன். நீங்க?"

"நானும்தான்!"

"யாருக்கு வெண்ணெய்னு அவர் சொல்றாரோ, அவா உக்காந்து சாப்பிடணும். மத்தவா கல்லுகிட்ட நின்னு அடை வார்க்கணும். சம்மதமா?"

"கபாலி மேல ஆணை!"

ஸ்ரீரங்கன் மாடிக்கு ஓடினார். பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த கல்யாணராமனை அப்படியே இழுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சார், அந்த எலியைச் சொல்லுங்கோ."

சொன்னார். ஸ்ரீரங்கன் மீசையில்லாத இடத்தை முறுக்கிக்கொண்டார்.

"ஆனா அது ஒல்லி எலி" என்றார் கல்யாணராமன்.

"எலியில என்ன சார் ஒல்லி, குண்டு?"

"இருக்கே. உடம்பு பருத்துட்டா அந்தக் கொழுப்பும் வீங்கிப்போய்க் கட்சி மாறிடறதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். தளர்த்திண்டிருந்ததே இறுக்க ஆரம்பிக்கலாம்."

"வேற கொழுப்பா?"

"அதே கொழுப்புதான்."

"அப்ப அது நல்லதா, கெட்டதா?"

"ஆளைப் பொறுத்தது. ஒண்ணு மாத்திரம் நிச்சயம். நீங்க தின்ற வெண்ணெய் நேரா போய் ரத்தக்குழாயைச் சுத்தி உக்காந்துக்காது. தொப்பையிலதான் உக்காரும்."

ஸ்ரீரங்கனுக்குத் தலை கிறுகிறுத்தது. ஒல்லியாக இருந்தால் கொழுப்பு நல்லது. ஒல்லிக்குக் கொழுப்பு ஏது? இளைத்தால் சாப்பிடலாம். சாப்பிட்டால் எங்கே இளைக்கிறது? இளைக்காவிட்டால் சாப்பிடக் கூடாது. சாப்பிடாமல் இளைத்து என்ன பிரயோஜனம்? எலி எந்தப் பக்கம், தான் எந்தப் பக்கம் என்றே அவருக்குப் புரியவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

ஜெயலக்ஷ்மி பவ்யமாகக் கேட்டாள். "சார், நான் நாப்பத்தாறு கிலோ. நான் வெண்ணெய் போட்டுக்கலாமோ?"

"பேஷா போட்டுக்கலாம் மாமி! படியில நாங்க பேசினது காதுல விழுந்துதுன்னு இதையேதானே நேத்து சாயங்காலம் மாடிக்கு வந்து கேட்டேள்? அப்பவே சொன்னேனே!"

"நேத்தா?" என்றார் ஸ்ரீரங்கன்.

கல்யாணராமன் பேப்பர் நினைப்பாக மாடிக்கு நழுவிவிட்டார். ஜெயலக்ஷ்மி தட்டைப் போட்டுக்கொண்டு, வெண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஆணை இட்டாயிற்றே, என்ன செய்வது? ஸ்ரீரங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் போய் நின்றார். முதல் அடை பிய்ந்தது. அதை அவரே தின்றார், வெறுமனே. இரண்டாவது பொன்னாக வந்தது. ஜெயலக்ஷ்மி அதன் நடுவில் நெல்லிக்காயளவு வெண்ணெயை வைத்தாள். அது உருகி ஓரத்துக்கு ஓடுவதை அவர் கண்கொட்டாமல் பார்த்தார்.

"ஏன் ஜெயம், எனக்கு எப்போதான் வெண்ணெய்?"

"ஒண்ணு, நீங்க இளைக்கணும். இல்லேன்னா நான் குண்டாகணும். எது முதல்ல நடக்கறதுன்னு பாத்துடலாம். இன்னொரு அடை போடுங்கோ."