அறுபத்தெட்டு விழுக்காடும் ஓர் இருமலும்

ஜார்ஜ் டவுன்,
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய அத்தான் பிச்சைமுத்து அவர்களுக்கு, மைத்துனன் மோகனராஜ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் காமினியின் அம்மாவும் நலம். காமினி நலமா என்பது வருகிற சனிக்கிழமைதான் தெரியும், அது தங்கள் கையில் இருக்கிறது. அங்கு தாங்களும் தனலெட்சுமி அக்காவும் நலமாயிருக்கவும், மழை பிடித்தால் பாடாய்ப் படுத்தும் தங்கள் இடது முட்டி இந்த வருஷமாவது சும்மா கிடக்கவும் முருகன் அருள்புரியட்டும். இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் பேசுகிறவர். அக்கா கேட்பார், பக்கத்து வீடு கேட்கும், தாசேக் கெலுகோர் ஊரில் பாதி கேட்கும். ஆகவே விரைவுத் தபால்.

விஷயம் இதுதான். காமினி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஊடகப் படிப்பு படிக்கிறாள் அல்லவா? அவர்களுக்கு ஒரு கட்டுரை. தீவுக்குப் பாலம் வருவதற்கு முன்னால் ஃபெர்ரிப் படகில் நடந்த ஒரு சம்பவத்தை, நேரில் பார்த்தவர் ஒருவரைப் பேட்டி கண்டு எழுத வேண்டும். ஆறு வாரம் அவகாசம். ஐந்து வாரமும் ஆறு நாளும் அதை மறந்திருந்துவிட்டு, கடைசி நாள் மாலை என் எதிரே வந்து உட்கார்ந்து, "அப்பா, அந்தத் தாலி கதைய சொல்லுங்க பா" என்றாள். எனக்கு ஒரே பெருமை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து சொன்னேன். கல்லூரிக்குப் போகிற சங்கதி என்பதால் இங்கிலீஷிலேயே சொன்னேன். மாக் மண்டின் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் சூப்பர்வைசர்களிடம் தீட்டிய இங்கிலீஷ், லேசுப்பட்டதா? அவள் அதைப் போனில் பதிவு செய்து, சொன்னது சொன்னபடியே தட்டச்சு செய்து, முன்னே நாலு வரி பின்னே நாலு வரி சேர்த்து அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் காமினி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "அறுபத்தெட்டு பா" என்றாள். நான், அதற்கென்ன அழுகை, பாஸ்தானே, அடுத்த தடவை எழுபது வாங்கிவிடலாம் என்று தட்டிக்கொடுத்தேன். அழுகை இரண்டு மடங்கானது. "மார்க் இல்ல பா. நம்ம கட்டுரையில நூத்துக்கு எவ்வளவு மத்தவங்க எழுதுனதோட ஒத்துப்போகுதுன்னு காட்டுற நம்பர்" என்றாள். அத்தான், கல்லூரியில் ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இதுவரை மாணவர்கள் கொடுத்த கட்டுரைகள் எல்லாவற்றையும் அது வயிற்றில் போட்டு வைத்திருக்கிறது. புதிதாக ஒன்று வந்தால் பழையதோடு வரி வரியாக ஒட்டிப் பார்த்து, ஒத்துப்போகிற இடத்தில் எல்லாம் சாயம் அடிக்கிறது. ஒரு கட்டுரைக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு நீலம், வேறொன்றுக்குப் பச்சை. என் பெண்ணின் கட்டுரை கோயில் பந்தல் மாதிரி ஜொலித்தது. நான் சொன்ன கதையில் ஒரு வரிகூட வெள்ளையாக இல்லை. காப்பியடித்தது உறுதியானால் பூஜ்யம், அடுத்த பருவத்தில் முதலிலிருந்து படிக்க வேண்டும், படிப்புக்கான உதவிச் சம்பளமும் நின்றுபோகும்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. என் வாயால் நான் சொன்ன என் கதையை எனக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்த களவாணி யார்? காமினி சிவப்புச் சாயத்தின் மூலத்தைத் தேடி, போன வருஷ மாணவன் யுகேந்திரன் என்று கண்டுபிடித்தாள். நீலம், ஷாஹிரா என்ற பெண். யாரையும் எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்துவிட்டு, மனசு ஆற ஃபெர்ரி முனையத்துக்கு எதிரே முகம்மது சுல்தான் கடையில் போய் உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலை பத்து மணிக்கு எனக்கு அங்கே ஒரு மேசை உண்டு. சுல்தான் தே தாரேக் டீயை வைத்துவிட்டு நான் புலம்புவதைக் கேட்டார். பிறகு சாவகாசமாக, "அண்ணே, யுகேந்திரன்னா அந்தக் கண்ணாடி போட்ட பையன்தானே. ஒங்க மேசையிலதான் ஒக்காந்திருந்தான்" என்றார். வருஷா வருஷம் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் ஃபெர்ரி கதை கேட்டு வருமாம். இவர் ஒவ்வொருவரையும் என் பக்கம் கை காட்டி அனுப்புவாராம். நாலு வருஷத்தில் பதினொரு பேர். நானும் பதினொரு பேருக்கும் இதே இங்கிலீஷில் சொல்லியிருக்கிறேன். யாரோ பிள்ளைகள், ஆசையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேனே தவிர, பேர் கேட்டேனா, ஊர் கேட்டேனா?

ஆக களவாணி யாருமில்லை. எல்லோரும் ஒரே கிணற்றில் வாளி விட்டிருக்கிறார்கள், கிணறு நான். மறுநாளே பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு, சுல்தானைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, காமினியோடு கல்லூரிக்குப் போனேன். விரிவுரையாளர் அம்மா, புவான் நஜ்வா, நல்ல பெண்மணி. மலாயில் பொறுமையாக விளக்கினார். இந்த எண் யாரையும் திருடன் என்று சொல்வதில்லையாம். இந்தச் சொற்கள் வேறு எங்கோ இருக்கின்றன என்று மட்டும்தான் இயந்திரத்துக்குத் தெரியும், ஏன் இருக்கின்றன என்பதை மனிதர்தான் திறந்து பார்க்க வேண்டுமாம். அந்த அறுபத்தெட்டில் நாலு, கல்லூரியே எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுத்த முதல் பக்கமாம். நான் விடவில்லை. ஒரே மாதிரி இருப்பது குற்றமென்றால் நம் கல்யாணப் பத்திரிகை ஒன்றை உள்ளே போட்டுப் பாருங்கள், பெயரைத் தவிர எல்லாம் சாயமாகத்தான் வரும் என்றேன். எங்கள் அத்தான் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் இருபது வருஷமாகப் படிக்கும் நன்றியுரையைப் போட்டுப் பாருங்கள் என்றும் சொன்னேன். தாங்கள் தப்பாக நினைக்கக் கூடாது, ஒரு வேகத்தில் வந்துவிட்டது.

அவர் சிரித்துவிட்டு, யுகேந்திரனின் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு, கதையை இப்போது சொல்லுங்கள் என்றார். நான் எழுந்து நின்று சொன்னேன். தங்களுக்குத் தெரியாததா? 1982, பெரியண்ணன் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் தீவுக்கு வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் தாலி இல்லை. அது அக்கரையில் பட்டர்வொர்த் படகுத்துறைத் தேத்தண்ணிக் கடையிலேயே தங்கிவிட்டது. முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம். நானும் தாங்களும் திரும்பி ஓடுகிறோம். தாலி கிடைக்கிறது, ஃபெர்ரி நகர்கிறது. இந்த இடத்தில் நான் வழக்கமாகச் சொல்வது, தமிழில் சொன்னால்: "இடைவெளி ஆறடி. மேலே கடவுள், கீழே கடல், பல்லுக்கு நடுவே மஞ்சள் துணியில் முடிந்த தாலி. நான் யோசிக்கவில்லை." பிறகு இருமினேன். பிறகு, "குதித்தேன்." புவான் நஜ்வா பென்சிலால் வரியைத் தொட்டுக்கொண்டே வந்தவர், அங்கே நிறுத்திவிட்டுத் தாளை என்னிடம் திருப்பிக் காட்டினார். அதில் அடைப்புக்குறிக்குள், 'இங்கே இருமுகிறார்' என்று எழுதியிருந்தது. ஷாஹிராவின் கட்டுரையிலும் இருந்தது. என் பெண்ணின் கட்டுரையிலும் இருந்தது. சுல்தான் எழுந்து, "புவான், பதினொரு தடவையும் அங்கதான் இருமுனாரு, நான் சாட்சி" என்றார்.

காமினி திருடவில்லை என்று அங்கேயே தீர்ந்துவிட்டது. ஆனால் பதினொரு பேர் எழுதியதையே பன்னிரண்டாவதாக எழுதியதற்கு எப்படி மார்க் போடுவது என்று கேட்டார். நியாயம்தான். ஆகவே ஒரு வார அவகாசம். அதே சம்பவத்தை வேறொரு சாட்சியிடம் கேட்டு, புதிதாக எழுதித் தந்தால் ஏற்றுக்கொள்வாராம். வேறு சாட்சி யார்? காமினி சட்டென்று தங்கள் பெயரைச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே வருகிறாள், புவான் நஜ்வாவும் கூட வருகிறார். தாங்கள் அதிகம் பேசுகிறவர் இல்லை, கேள்வி கேட்டால் திணறுவீர்கள் என்பதால், கதை முழுவதையும் ஒரு தாளில் அழகாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். 'நான்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'என் மைத்துனன் மோகனராஜ்' என்று போட்டிருக்கிறேன். ஐந்து நாள் இருக்கிறது, மனப்பாடம் செய்துவிடுங்கள். ஆறடி என்பதை ஏழடியாக்கினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். காமினியோடு தங்கள் முட்டிக்குத் தைலம் கொடுத்து அனுப்புகிறேன். வீட்டில் எல்லாம் நல்லபடி நடக்க, பெரியவர்கள் வாழ்த்து எங்களுக்கு என்றும் வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
மோகனராஜ்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். காமினி இப்போதுதான் வந்து, "மாமா சொல்றது ஒங்க கத மாதிரியே இருந்தா மறுபடியும் கலர் கலரா வந்துரும் பா. அவரு அவரோட வார்த்தையில சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அக்காவுக்கும் இன்றுவரை தெரியாது. அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள், அத்தான்.

தாலியைத் தேத்தண்ணிக் கடையில் மறந்து வைத்தவன் நான். எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது, ஃபெர்ரி நகர்ந்ததும் கால் மரத்து அப்படியே நின்றவனும் நான்தான். என் கையிலிருந்த தாலியைப் பிடுங்கிக்கொண்டு குதித்தது நீங்கள். இரும்பில் அடிபட்ட அந்த முட்டியோடு இந்தக் கரையில், நல்லவேளையாகச் சீக்கிரமே கிளம்பிய அடுத்த ஃபெர்ரியில் நான் வரும்வரை எனக்காக நின்றீர்கள். தாலியை என் கையில் வைத்து, "நீயே கொண்டு போய் குடு லா. ஒன்னாலதான் போச்சு, ஒன்னாலயே வந்ததா இருக்கட்டும்" என்றீர்கள். மண்டபத்தில் எல்லோரும் எப்படி வந்தது என்று கேட்டார்கள். நான் சொன்னேன். நீங்கள் பின்வரிசையில் கைக்குட்டையால் முட்டியைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தீர்கள். நாற்பத்து மூன்று வருஷமாகச் சும்மாவே இருக்கிறீர்கள். அன்று சொன்ன கதையில் ஒரு சொல் மாறினாலும் பிடிபட்டுவிடுவேன் என்ற பயத்தில்தான், இத்தனை காலமும் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

சனிக்கிழமை உண்மையைச் சொல்லுங்கள். அது வேறு எவருடைய கட்டுரையோடும் ஒத்துப்போகாது, பிள்ளை பாஸாகிவிடுவாள். பிறகு என் முகத்தில் எப்படி விழிப்பாளோ, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கடல், கடவுள், ஆறடி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதுதான். அந்த இருமலை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கதையில் என் சொந்தச் சரக்கு அது ஒன்றுதான்.