மாமன் மடியும் நீர் மாத்திரையும்

வெள்ளக்கடை,
வியாழக்கிழமை

குப்பனூரில் குடும்பத்தோடு சீரும் சிறப்புமாய் இருக்கிற மாப்பிள்ளை தங்கராஜ் அவர்களுக்கு, மச்சான் மாதையன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் அமுதவல்லியும் சுகம். தங்கச்சி காவேரியும் குழந்தை கீர்த்தனாவும் சுகமாயிருக்க எங்கள் மலைச்சாமி சேர்வராயனை வேண்டுகிறேன். போனில் சொன்னால் காவேரி அழுவாள், அதனால்தான் கடுதாசி.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு வர உடம்பு தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். காவேரியின் கூடப்பிறந்தவன் நான் இருக்கையில் குழந்தை இன்னொருத்தன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்குமா? கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் கிடந்தது பழைய கதை. டாக்டர் நீர் மாத்திரை கொடுத்தாருங்க. மிளகு சைசுதான். ஆனா எங்க எஸ்டேட் தண்ணி மோட்டாரு அதுகிட்டப் பிச்சை வாங்கணும். காலையில ஒண்ணு முழுங்கினேன், பத்து மணிக்குள்ள ஏழு தடவை கொல்லைப்பக்கம்! தினம் ஒண்ணுதான்னு டாக்டர் சொன்னது வாஸ்தவம். ஆனா இருபத்தெட்டு வருசமா காப்பிச் செடிக்கு மருந்தடிக்கிறவன் நான். அடிச்ச மருந்தை மழை கழுவிட்டா மறுபடி அடிக்கணுமில்லீங்களா? முழுங்கின மாத்திரை தண்ணியோட போயிட்டா மறுபடி முழுங்கணுமில்லீங்களா? அப்படியே தினம் ஆறு போட்டேன். மூணாம் நாள் கணுக்கால் எலும்பு வெளியே வந்து சிரிச்சுது. "ஏனுங்க, கல்யாணத்தப்பக்கூட உங்க கால் இத்தனை அழகா இல்லீங்க"ன்னா அமுதவல்லி.

அப்புறம் சில்லறை விசயம்தானுங்க. கெண்டைக்கால் முறுக்கிக்கிச்சு, எந்திரிச்சா ஊடு வாசலெல்லாம் சுத்துச்சு, காதுக்குள்ள வண்டு ரீங்காரம், நெஞ்சு விட்டுவிட்டுக் குதிச்சுது. எங்க ஊர் நர்ஸ் அற்புதம் வந்து மாத்திரை அட்டையைப் பார்த்தாங்க.

"மாதையண்ணா, உடம்பு என்ன காப்பித் தோட்டமா? தண்ணியோட பொட்டாசியமும் போயிருச்சு. நெஞ்சு நின்னிருந்தா?"

"பொட்டாசியம்னா நம்ம பொட்டாஷ் உரந்தானே சிஸ்டர்? குடோன்ல மூட்டை மூட்டையா கெடக்குது, ஒரு ஸ்பூன்..."

"வாயத் தொறந்தீங்க, தச்சுடுவேன்!"

அடேங்கப்பா, என்ன அதட்டல்! கலெக்டரா இருக்கவேண்டிய பொம்பளைங்க. இப்படியொரு நர்ஸ் கிடைக்க நம்ம மலை கொடுத்து வெச்சிருக்கணும். மாத்திரையையும் நான் குறை சொல்லமாட்டேன். யானைக்குக் கொடுத்தா மானா திரும்பி வரும், அத்தனை சக்தி.

இப்ப எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. உடம்பு இரும்பு. ஞாயிறு முதல் பஸ்ஸுக்கே வந்துடறேன். நடுவுல மடி நனைஞ்சா பழியைக் குழந்தை மேல போட்டுக்கலாம், மாமனுக்கும் மருமகளுக்கும் இதெல்லாம் சகஜம்.

குழந்தைக்குக் காதும் ஆயுசும் நீளட்டும். காவேரிக்கு என் ஆசி.

இப்படிக்கு,
மாதையன்

பின்குறிப்பு: கவரை ஒட்ட எந்திரிச்சவன் அப்படியே சாஞ்சுட்டேனுங்க. இதைச் சேலத்து ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து எழுதறேன். அற்புதம் சிஸ்டர்தான் ஜீப்புல கூட உட்கார்ந்து, மலை இறங்குற வரைக்கும் என் கையை விடலை. இத்தனை கம்மி பொட்டாசியத்துல வாய் பேசற ஆளைப் பார்த்ததே இல்லைன்னு பெரிய டாக்டரே அசந்துட்டார். வார்டுல நான்தான் ஃபர்ஸ்ட். பத்து நாள் அசையக்கூடாதாம். மேலே எழுதினதுல உங்க பேரைத் தவிர எதையும் நம்பாதீங்க. காதுகுத்தைத் தள்ளி வைங்க மாப்பிள்ளை. முடியாதுன்னா குழந்தையை இங்கேயே தூக்கிட்டு வாங்க. மாமன் மடி இங்கதான் இருக்கு, ஊசி குத்தறதுக்கும் ஆளுங்க நொம்பப் பேர் இருக்காங்க.