பிறக்காத கலீலுக்கு விழுந்த தடை

சூர் நகரம், மீன் துறைமுகத் தெரு

பெருமதிப்பிற்குரிய நஸீஃப் மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகள் ஹனாதியின் கணவன் இப்ராஹிம் எழுதிக்கொள்வது. இறைவன் கருணையால் தாங்களும், தங்கள் முழங்காலும், டெட்ராய்ட்டில் தங்கள் பெட்ரோல் நிலையமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை, அதாவது என் மாமியார், திடமாக இருக்கிறார். நானும் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கூரைகளில் ஏறிச் சூரியத் தகடுகளையும் இன்வெர்ட்டர்களையும் பழுது பார்க்கிறேன். ஹனாதியை அடக்கம் செய்தபோது தாங்கள் அனுப்பிய ஆறுதல் மொழிகளுக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமல்ல. தங்கள் நாட்டுச் சட்டம் ஒன்றுதான் காரணம். அதைப் பற்றிச் சொல்லி ஓர் உதவியும் கேட்கவே இந்தக் கடிதம்.

கல்யாணத்துக்குத் தாங்கள் ஹனாதிக்கு ஒரு போன் பரிசளித்தீர்கள். அதில் அவள் பேசியதெல்லாம் தங்கள் நாட்டு நிறுவனம் ஒன்றின் சேமிப்புக் கிடங்கில் தானாகப் போய்ச் சேரும்படி தாங்களே ஏற்பாடும் செய்து கொடுத்தீர்கள். அவள் எனக்கு எதையும் எழுத மாட்டாள், குரல்தான் அனுப்புவாள். என் போன் பழசு, இடம் கிடையாது, கேட்டதும் அழித்துவிடுவேன். ஒரு காலையில் தலைவலி என்று உட்கார்ந்தாள், மாலைக்குள் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் போனபிறகு மாமி அவள் துணிகளையெல்லாம் எடுத்துத் துவைத்தார். சமையல் அங்கியின் பையில் போன் இருந்தது. அதைத் திறந்து காயவைத்து எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன், உயிர் வரவில்லை. ஆக, அவள் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்தக் கிடங்கில் மட்டும்தான். கணவன் என்று நிரூபித்தால் கொடுத்துவிடுவோம் என்றார்கள். சின்ன வேலை என்று நினைத்தேன்.

அம்மான் நகரிலிருந்து ரனீம் என்ற பெண் அழைத்தாள், அந்த நிறுவனத்துக்காக அடையாளம் சரிபார்ப்பவள். பணிவான பெண். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், ‘‘வேற ஏதாவது பேருல உங்களைக் கூப்பிடுவாங்களா உஸ்தாத்?’’ என்றாள். கேட்ட கேள்விக்கு அளவெடுத்துப் பதில் சொல்வது என் தொழிற்புத்தி. ‘‘அபூ கலீல்னு கூப்பிடுவாங்க’’ என்றேன். விசைப்பலகைச் சத்தம் நின்றது.

‘‘கலீலுக்கு என்ன வயசு?’’

‘‘அப்படி யாரும் இல்லை.’’

‘‘வீட்டுல இல்லையா, நாட்டுல இல்லையா?’’

‘‘பொறக்கவே இல்லைம்மா.’’

பெருமூச்சு கேட்டது. ‘‘எனக்குத் தெரியாதா உஸ்தாத். எங்க அண்ணன் பேரும் இப்ராஹிம்தான், அந்தப் பேருக்கு வழக்கமா ஒட்டிக்கற பட்டம்தானே அது. மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே தெருவே அவனை அபூ கலீல், கலீலோட அப்பான்னு கூப்பிட்டுச்சு. இன்னும் அவனுக்குக் கல்யாணமே ஆகலை. ஆனா கணினி அந்தப் பேரைக் கவ்விக்கிட்டு விட மாட்டேங்குதே.’’

விஷயம் இதுதான் மாமா. ஆயுதக் குழுக்களுக்கு வெளிநாட்டிலிருந்து கைகொடுப்பவர்கள் மேல் தடை போட அங்கே புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறதாம். அந்த மாதிரி ஆட்களெல்லாம் ‘அபூ’ இன்னார், ‘அபூ’ அன்னார் என்றுதான் திரிவார்களாம். நான் என் வாயாலேயே எனக்கு அப்படியொரு பெயர் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அந்த நிமிஷமே ஹனாதியின் கணக்குப் பூட்டிக்கொண்டது.

கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அவள் போனபிறகு எனக்குக் கோபம் வருவதில்லை. அசந்துபோனேன். அந்தச் சட்டத்தைத் தேடி எடுத்து, ஒரு புது இயந்திரத்தின் மின்சுற்றுப் படத்தைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து படித்தேன். கூரையிலிருந்து சமையலறைக்கு நான் ஒரு கம்பி இழுத்தால், வந்து சேர்வதற்குள் மின்சாரத்தில் கொஞ்சம் சூடாகிக் கரைந்துபோகும். இவர்களோ கடலுக்கு அப்பால் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து கை தூக்குகிறார்கள், இங்கே எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த என் சமையல் மேசையில் விளக்கு அணைகிறது. நடுவே ஒரு துளி இழப்பு இல்லை. இப்படி ஒரு இணைப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை மாமா. செய்தவர்களைக் கும்பிடலாம்.

சரி, கலீல் இல்லை என்று சான்றிதழ் கொடுங்கள் என்றார்கள். தெரு முக்தாரிடம் போனேன். பிறப்புக்கும் இறப்புக்கும் முத்திரை குத்துகிறவர் அவர்தானே. முன்பெல்லாம் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே ‘‘அபூ கலீல்’’ என்று கத்துகிறவர், இப்போது ‘‘வா இப்ராஹிம், உக்காரு’’ என்றார். அடக்கத்துக்குப் பிறகு ஊரே அப்படித்தான் ஆகிவிட்டது. யார் சொல்லிவைத்தார்களோ தெரியாது. ரொட்டிக்கடைக்காரன்கூட ‘இப்ராஹிம்’ என்கிறான். பிள்ளை இல்லாமல் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனை எப்படி ‘கலீலின் அப்பா’ என்று கூப்பிடுவது? நல்ல மனசுக்காரர்கள்தான்.

‘‘எனக்குப் பிள்ளை இல்லைன்னு எழுதிக் குடுங்க முக்தார்.’’

‘‘இல்லைன்னு மொட்டையாவா? மூஞ்சில அடிச்ச மாதிரி? எந்த ஊர்ல வளந்தவன்டா நீ?’’

‘‘அமெரிக்காவுக்குப் போகுது, மொட்டையாத்தான் வேணும்.’’

‘‘அமெரிக்காவுக்குப் போனா மரியாதை வேணாமா?’’

அவர் எழுதியது இது: ‘மேற்படி அபூ கலீலின் மகன் கலீல் இன்னும் வரவில்லை. இறைவன் நாடினால் கூடிய சீக்கிரம் வந்து சேர்வார்.’ அடியில் முத்திரை, அதில் அவர் பெயர், அபூ ஹர்ப். ஹர்ப் என்றால் போர் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் மகனான அந்த ஹர்ப் கடைத்தெருவில் குனாஃபா இனிப்பு விற்கிறான்.

ரனீம் திரும்ப அழைத்தபோது குரல் இறங்கியிருந்தது. ‘‘உஸ்தாத், சீக்கிரம் வந்து சேர்வார்னா எந்த வழியா வரார்னு மேலிடத்துல கேக்கறாங்க. கையெழுத்துப் போட்ட அபூ ஹர்ப் யாருன்னும் தனியா கேக்கறாங்க.’’

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த மாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டார். ‘‘யாருடி அது, எங்க கலீல் மேல பழி சொல்றது? அவன் எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். அவங்க அம்மா வளர்ப்பு அப்படி. எம் பேரனைப் பத்தி எங்கிட்டக் கேளு, நான் சொல்றேன்.’’

‘‘மாமி, குடுங்க இங்க. கலீல்னு யாரும் இல்லை.’’

‘‘நீ சும்மா இரு. இல்லைன்னு அவ முன்னாடி சொல்லுவியா?’’

எந்த ‘அவ’ என்று நான் கேட்கவில்லை. பேச்சு முழுக்க அந்தப் பக்கம் பதிவாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் பெரிய இடி. கிடங்கிலிருந்த ஹனாதியின் குரல்களையெல்லாம் ஒரு இயந்திரம் எழுத்தாக்கிக் கொடுத்திருக்கிறது. எல்லாவற்றிலும் கலீல். ஏனென்றால் அவளுக்கு என்னிடம் என்ன வேண்டுமானாலும் கலீல் பேரில்தான் கேட்பாள். ‘கலீலுக்குப் பசிக்குது, வர்றப்ப ரொட்டி வாங்கிட்டு வா.’ ‘கலீல் உன்மேல கோவமா இருக்கான், குப்பையைக் கொண்டு போய்ப் போடு.’ இதாவது பரவாயில்லை. காற்று பலமாக அடிக்கும் நாளில் அனுப்பியது ஒன்று: ‘கலீல் உத்தரவு போட்டுட்டான், எல்லாரும் உடனே கூரையை விட்டு இறங்குங்க.’ கடல் தாண்டி உட்கார்ந்து இதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான், நீங்களே சொல்லுங்க. இருட்டுல பெரிய தளபதி ஒருத்தன் உக்காந்துக்கிட்டு ஆள் ஏவுறான், சோறு கேக்குறான், கோவப்படுறான்னுதானே நினைப்பான். எனக்கே அவனை நினைச்சா லேசா பயம் வந்துடுச்சு மாமா.

மாமி தினமும் காலையில் காப்பியை வைத்துவிட்டு, ‘‘சட்டம் என்ன சொல்லுச்சு?’’ என்று கேட்கிறார், ஏதோ பக்கத்து வீட்டு ஆள் மாதிரி. நாற்பதாம் நாள் ஓதலுக்கு மகள் குரலைக் கேட்டுவிடலாம் என்று இருந்தார். ஓதியாகிவிட்டது, விருந்தினர் சாப்பிட்டுப் போயாகிவிட்டது. குரல் வரவில்லை.

ஆகவே மாமா, தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே நல்ல வக்கீலாகப் பார்த்து, கலீல் என்று ஒருவன் இல்லை, இருந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை என்று அந்த நிறுவனத்துக்கு அடித்துச் சொல்லச் செய்யுங்கள். அவன் பெயரை அடியோடு அழித்தால்தான் அவள் குரல் விடுபடும். நான் என்ன கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.

தங்கள் முழங்காலுக்கு மாமி ஆலிவ் எண்ணெய் எடுத்து வைத்திருக்கிறார், சூடுபடுத்தித் தேய்க்கச் சொன்னார். அத்தைக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். தங்கள் நிழல் எங்கள் மேல் என்றும் குறையாதிருக்க இறைவனை வேண்டும்,

இப்ராஹிம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரனீம் அழைத்தாள். ‘‘கணக்கைத் திறந்துட்டாங்க உஸ்தாத். எல்லாத்தையும் ஒண்ணு விடாம நானே படிச்சேன். அந்த அக்கா தன் புருஷனை வேலை வாங்கினதைத் தவிர அதுல ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தேன்’’ என்றாள். பிறகு, ‘‘ஒரே ஒரு சிக்கல். கலீல் பேருல தனியா ஒரு கோப்புத் திறந்துட்டாங்க. அது தானா மூடாது. வருஷா வருஷம் யாராவது உங்களைக் கூப்பிட்டு, கலீல் எங்க இருக்கான், எப்படி இருக்கான், ஏதாவது சேதி உண்டான்னு கேப்பாங்க. அங்கேயே வக்கீல் வெச்சா அழிச்சுடலாம்’’ என்றாள்.

மாமா, வக்கீல் வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். இந்தத் தெருவில் அவனைப் பற்றி இனி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய நாடு வருஷத்துக்கு ஒரு தடவை என் பையனை விசாரிக்கிறேன் என்கிறது. விசாரிக்கட்டும். நன்றாக இருக்கிறான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது கூடத்தில் மாமி என் போனைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ‘கலீலோட அப்பா, போதும் கூரையை விட்டு இறங்கு, பருப்புச் சோறு ஆறுது, கலீல் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கான்’ என்கிறது குரல். முடிந்ததும் திரும்பப் போடச் சொல்கிறார். போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.

அபூ கலீல்