இருபத்திரெண்டு வருச சேவையும் ஒரு ரிவேர்சும்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். கந்தோருக்குப் போய் ஒரு கடுதாசி குடுத்திட்டு வரணும். அவ்வளவுதான்.

விசயத்தச் சொல்றன். நான் ராணுவத்தில இருபத்திரெண்டு வருசம் சாரதி. லொறி, பவுசர் எண்டு எல்லாம் ஓட்டி, பென்சனோட ஏறாவூருக்கு வந்தவன். வீட்டில சும்மா இருக்க பொஞ்சாதி விடுவாவா? வாவிக்கரையில இருக்கிற ஒரு அரச கந்தோருக்கு சாரதி வேலை கேட்டுப் போட்டன். கிடைச்சிது. அல்ஹம்துலில்லாஹ்.

நியமனக் கடிதத்த வாசிச்சுப் பாத்தா, அனுபவம் எண்ட இடத்தில 'இல்லை' எண்டு கிடக்கு!

போன மாசம் லைசன் எடுத்தவருக்கும் எனக்கும் ஒரே சம்பளப் படி. அதத் திருத்தச் சொல்லித்தான் அந்தக் கடுதாசி.

பக்கத்து வீட்டு ஹாஜியார் கேட்டார்: "பென்சனும் எடுக்காய், சம்பளமும் எடுக்கப் போறாய். மறுகா உனக்கு என்ன குறை?"

"பென்சன் செஞ்ச வேலைக்கு ஹாஜியார். சம்பளம் செய்யப்போற வேலைக்கு," எண்டன்.

நல்ல பதில். எனக்கே பிடிச்சிப்போச்சு. கந்தோரிலயும் இதையே சொல்லணும் எண்டு பஸ்ஸில வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் போனன்.

உள்ளுக்குப் போனன். நிருவாக உத்தியோகத்தர் சேர் எதிரில வந்தார். சேரக் கண்டதும் என்ட உடம்பு என்னக் கேக்காமலே விறைச்சு நிண்டு, காலத் தூக்கி நிலத்தில ஒரு அடி அடிச்சு, சலூட்டும் அடிச்சிட்டு.

செருப்புப் பட்டி அறுந்துபோச்சு. பாடமாக்கின பதிலும் அதோட போச்சு.

பைல் பாக்கிற மிஸ் கடுதாசிய வாங்கிட்டு என்ட கோவைய விரிச்சா. முஸ்லிம் அண்ணன்மாரக் கூப்பிடுற மாதிரிக் 'காக்கா' எண்டு தொடங்கினா. "காக்கா, அனுபவம் எண்டா அரச சேவையில வாகனம் ஓட்டியிருக்கணும்."

"ராணுவம் அரசாங்கத்திடதானே மிஸ்?"

"ஓம், அரசாங்கத்திடதான்."

"நான் ஓட்டினதும் வாகனந்தானே?"

"ஓம்."

"அப்ப?"

மிஸ் படிவத்தப் பாத்தா. என்னப் பாத்தா. திரும்பவும் படிவத்தப் பாத்தா.

"இந்தக் கட்டத்துக்குள்ள வராது காக்கா."

பக்கத்தில நிண்டு கேட்ட சேர் நல்ல மனிசன். "சரி, ஒரு வேலை செய்வம். எனக்கு முன்னால ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. திறமையான சாரதி எண்டு நானே கோவையில எழுதிவிடுறன். வெளிய நிக்கிற அந்தக் கெப் வண்டிய ரிவேர்சில எடுத்து மாமரத்துக்குக் கீழ விடுங்க, போதும்."

எனக்குச் சிரிப்பு வந்திட்டு. பத்துச் சில்லு லொறிய மலை றோட்டில ரிவேர்ஸ் எடுத்தவனிட்டப் போய் கெப்பும் மாமரமுமா!

சேர் கோவைய மடியில வச்சுக்கொண்டு பக்கத்தில ஏறினார். எனக்கு ஒரு காலில செருப்பு, மற்றது வெறுங்கால். கண்ணாடியில பாத்தன். வளவு கூட்டுற கந்தையா அண்ணன் விளக்குமாத்தோட பின்னுக்கு நிக்கார்.

நல்லதாப் போச்சு. ராணுவத்தில பின்னுக்கு வழி காட்ட ஆள் நிக்காம ரிவேர்ஸ் எடுக்க விடமாட்டாங்க. ஆள் நிண்டா, அவர் சொல்றதுதான் சட்டம். சாரதி யோசிக்கப்படாது.

கெப்பப் பின்னுக்கு விட்டன். கந்தையா அண்ணன் விளக்குமாத்த மேல தூக்கினார்.

"என்ன? என்ன?" எண்டார்.

இஞ்சதான் சிக்கல். இருபத்திரெண்டு வருசமா எனக்குப் பின்னால நிண்டு கை காட்டினவங்க எல்லாரும் சிங்களத்திலதான் சொல்லுவாங்க. சிங்களத்தில 'என்ன' எண்டா 'வாங்க' எண்டு கருத்து.

வந்தன்.

"என்ன! என்ன! என்ன!"

மனிசன் அவசரமா வரச் சொல்றார் எண்டு இன்னும் கொஞ்சம் அமத்தினன்.

மாமரம் பக்கத்தால முன்னுக்குப் போச்சுது. சேர் கதவப் பிடிச்சுக்கொண்டு, "மரம் போகுது! மரம் போகுது!" எண்டார்.

"பின்னுக்கு ஆள் நிக்கார் சேர், பயப்பிடாதீங்க."

பின்னுக்கு ஆள் இல்ல. விளக்குமாத்தப் போட்டுட்டு அவர் எப்பயோ ஓடிட்டார்.

சளக் எண்டு ஒரு சத்தம். கெப் பின்பக்கம் பதிஞ்சு, முன்பக்கம் வானத்தப் பாத்து நிண்டுது.

பின்சில்லு ரெண்டும் வாவிக்குள்ள.

கரையில வலை வீசிக்கொண்டு நிண்ட ஒருவர் ஆறுதலாக் கேட்டார்: "என்ன காக்கா, கழுவவா கொண்டு வந்த?"

சேர் சாஞ்சு கிடந்தபடியே என்னப் பாத்தார். "பிரேக் எங்க இருக்கெண்டு தெரியுமா?"

"தெரியும் சேர். நிப்பாட்டச் சொல்லி ஓடர் வரல்ல."

கந்தையா அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "என்ன, என்ன எண்டு தொண்டை கிழியக் கத்திறன், நீங்க வந்துகொண்டே இருக்கிறீங்களே!"

"அதாலதான் அண்ணன் வந்தன்."

சிரிக்கிற மாதிரித்தான் இப்ப எழுதுறன். அப்ப முழங்கால் தண்ணியில நிண்டு அழாத குறை. இருபத்திரெண்டு வருசம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவன், இருபது யார் நீள வளவில மானத்த விட்டுட்டன். அனுபவம் 'இல்லை' எண்டு எழுதினது சரிதானோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டு. வேலை போயிட்டு எண்டு முடிவே கட்டிட்டன்.

அந்த நேரம் பாத்து மிஸ் ஒரு சுற்றறிக்கையோட கரைக்கு வந்தா. விபத்து அறிக்கை எப்படி எழுதிற எண்டு பாக்க எடுத்தவவாம்.

"சேர்... இதிட பின்பக்கத்தில ஒண்டு கிடக்கு."

"வாசியுங்க."

மிஸ் குரலக் குறைச்சு வாசிச்சா: "முப்படைகளில் சாரதியாகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவரின் சேவைக்காலம் முழுமையாக அனுபவமாகக் கொள்ளப்படல் வேண்டும். செயன்முறைப் பரீட்சை அவசியமில்லை."

வலைக்காரரும் வலைய விட்டுட்டுக் காதக் குடுத்தார்.

"இது எவ்வளவு காலமா உங்கட மேசையில கிடக்கு?" எண்டார் சேர்.

"ரெண்டு வருசம் இருக்கும் சேர். மற்றப் பக்கத்த ஒருத்தரும் பாக்கல்ல."

சேர் காற்சட்டைய மடிச்சுக்கொண்டு தண்ணிக்குள்ள இறங்கினார். கோவைய பொனட்டுக்கு மேல வச்சார். 'இல்லை' எண்டதக் கோடு போட்டு வெட்டி, 'இருபத்திரெண்டு வருடங்கள்' எண்டு எழுதிக் கையெழுத்தும் வச்சார். ஒரு வசை வார்த்தை இல்ல. மறுகா நாங்க எல்லாருமாக் கயிறு போட்டுக் கெப்ப இழுத்தம். வலைக்காரரும் வந்து ஒரு கை பிடிச்சார்.

அதால சொல்றன்: சுற்றறிக்கை கையில கிடைச்சா முதல்ல அதத் திருப்பிப் பாருங்க, வாகனத்தத் திருப்பிறது மறுகா.