எண்பத்திரண்டு மார்க் வாங்கிய சுவர்

வாசகரே, 'நல்லாயிருக்குக்காரர்' என்றொரு மனித இனம் உண்டு. மழை கொட்டும்போது கூரைக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு நின்றாலும், "வீடு எப்படி இருக்கிறது?" என்று வெளியாள் ஒருவர் கேட்டுவிட்டால், குடையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லாயிருக்குங்க" என்று சொல்லும் இனம். பதில் தமிழில் மட்டும் வரும் என்று நினைக்க வேண்டாம். கேட்பவர் சிங்களவராக இருந்தால், "ஒக்கொம ஹொந்தாய் மாத்தயா" என்று அதே புன்னகையோடு வரும். எந்த மொழியில் கேட்டாலும் எல்லாம் நல்லாகத்தான் இருக்கும்.

எனக்கு இவர்களை எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்குப் போய் வீடுகளைப் பார்த்து மார்க் போடுகிறவன். எஹலியகொட தொடங்கி குருவிட்ட வரைக்கும் என் எல்லை. கையில் ஒரு பலகை, பலகையில் ஒரு படிவம், காதில் ஒரு பேனை. சுவருக்கு இருபது, கூரைக்கு இருபது, கழிவறைக்குப் பதினைந்து என்று மொத்தம் நூறு. பதினொரு வருடமாக இந்தப் பேனையால் வாழ்கிறேன். இன்றுவரை ஒரு வீட்டுக்காரராவது தன் வீட்டில் பழுது இருக்கிறது என்று தானாகச் சொன்னதில்லை.

நான் வரும் செய்தி ஒரு கிழமைக்கு முன்பே கடிதமாகப் போய்விடும். அந்தக் கிழமை லயத்தைப் பார்க்க வேண்டும். கழிவுநீர்க் கான் வழிக்கப்படும், சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும், தகரத்து ஓட்டைகளுக்குத் தார் அப்பப்படும், நாய்கள்கூட மேல் மலைக்குத் துரத்தப்படும். வருடம் முழுக்க மடித்து வைத்திருந்த பூப்போட்ட திரைச்சீலை வெளியே வரும். லயம் முழுவதற்கும் அப்படி ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது என்பது எனக்கு மூன்றாவது வருடம்தான் புரிந்தது. நான் ஒன்றாம் இலக்க வீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அது பின்வாசல் வழியாகப் புறப்பட்டு, நான் நான்காம் இலக்கத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு முறை நான் வேகமாக நடந்துவிட்டதால், பாதி கட்டிய திரையும் அதன் பின்னால் ஒரு பெண்ணின் இரண்டு கால்களும் தெரிந்தன. நான் ஜன்னலுக்கு முழு மார்க் போட்டேன்.

ஏன் இப்படி? அது பழைய பழக்கம். துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஏச்சு விழும் என்று இவர்களுடைய பாட்டன் காலத்திலிருந்து படிந்துவிட்டது. இப்போது துரைக்குப் பதிலாக நான் வருகிறேன், ஏச்சுக்குப் பதிலாக மார்க் வருகிறது. மார்க் என்றால் நிறைய வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே?

இங்கேதான் வேடிக்கை. என் படிவத்தில் அதிக மார்க் வாங்குகிற வீட்டுக்கு ஒரு பரிசும் கிடையாது. முப்பத்தைந்துக்குக் கீழே விழுகிற வீட்டுக்குத்தான் அவசரத் திருத்த வேலை. மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று எங்கள் ஆபீசில் யாரும் அளந்ததில்லை. இந்த முப்பத்தைந்து விஷயத்தை வீட்டுக்காரருக்குச் சொல்லவே கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. சொன்னால் மார்க்கைக் குறைக்க மக்கள் தங்கள் சுவரைத் தாங்களே அலவாங்கால் இடித்துவிடுவார்களாம். உத்தரவை எழுதியவர் ஒருநாளாவது லயத்துப் பக்கம் வந்திருந்தால், இவர்கள் இடிக்கிற ஆட்கள் அல்ல, இடிந்ததற்குச் சுண்ணாம்பு அடிக்கிற ஆட்கள் என்று தெரிந்துகொண்டிருப்பார்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ராமச்சந்திரன். எஹலியகொடைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், கோயில் கமிட்டிக்காரர், கீழ் லயத்தின் கடைசி வீட்டுக்காரர். அந்த வீட்டின் பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம். மூன்று தடவை அவர் வீட்டைப் பார்த்தேன். மூன்று தடவையும் எண்பத்திரண்டு. கீழ் லயத்தில் அதுதான் முதலிடம். கமிட்டிக் கூட்டத்தில் வேறு யாராவது வாய் திறந்தால், "ஒங்க வீட்டுக்கு எத்தன மார்க்?" என்று கேட்டே உட்கார வைத்துவிடுவாராம்.

அவருடைய மனைவி சுகந்தினி வேறு இனம். அவர் யோசிக்கிறவர். மேல் லயத்துக் கிருஷ்ணராஜ், நான் போன அன்று ரம்புக்கனையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வீடு வீடாகவே கிடந்தது. சுண்ணாம்பு இல்லை, திரை இல்லை, கூரை ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. இருபத்தொன்பது போட்டேன். மூன்றே மாதத்தில் அவருக்குப் புதுக் கூரை வந்தது. கிருஷ்ணராஜ் கொழும்பில் யாரையோ பிடித்துவிட்டார் என்று தோட்டமே பேசியது. சுகந்தினி மட்டும் புதுக் கூரையை ஒரு தரம் பார்த்தார், தன் வீட்டுப் பின்சுவரை ஒரு தரம் பார்த்தார்.

அந்தப் பின்சுவரைத்தான் நான் பார்த்ததில்லை. அதன் முன்னால் ஒரு பெரிய அலுமாரி. அலுமாரிக்கு மேலே, கூரை வரைக்கும் உள்ள இடத்தில், லட்சுமி படம் போட்ட 2016ஆம் வருடத்துக் காலண்டர். ஏன் 2016? கழற்ற முடியாத காலண்டருக்கு வருடம் மாறாது, வாசகரே. பதினொரு வருடத்தில் நான் கற்ற வித்தை இது ஒன்றுதான். பழைய காலண்டர் தொங்கினால் அதன் பின்னால் ஏதோ இருக்கிறது. அப்படியானால் ஏன் தூக்கிப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும், வீட்டுப் பொருளைத் தொடக் கூடாது என்று படிவத்தில் இருக்கிறது. நான் விதியை மதிப்பவன். விதியை மதித்தால் வேலையும் சீக்கிரம் முடியும்.

போன வைகாசியில் நாலாம் தடவை போனேன். இரண்டு நாள் விடாத மழை அப்போதுதான் விட்டிருந்தது. ராமச்சந்திரன் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார். முன்வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் ஒரு மூலையில் பாயும் தலையணையும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மழை என்றால் தாயும் மகளும் இங்கே வந்துதான் படுப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று இவரிடம் கேட்டேன். உள்ளே புழுக்கமாம். இரண்டு நாள் மழையில் உள்ளே புழுக்கம்.

"வீட்டுல ஏதாவது பழுது இருக்கா?"

"எல்லாம் நல்லாயிருக்குங்கய்யா."

எண்பத்திரண்டு என்று எழுத என் பேனை தானாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போது சுகந்தினி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, ஐயாவுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும், தங்க விளிம்பு போட்ட கோப்பை அலுமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது, எடுத்துத் தாருங்கள் என்றார். ராமச்சந்திரனின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேறு கோப்பையில் ஊற்றச் சொன்னார். மற்றதெல்லாம் காது உடைந்தது என்றார் சுகந்தினி. அப்படியே கொடுத்துவிடவா என்றும் கேட்டார்.

கெட்டது கதை. விருந்தாளிக்குக் காது உடைந்த கோப்பையா? அதுவும் எண்பத்திரண்டு மார்க் வாங்கிய வீட்டிலா? அந்த மனிதர் அலுமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அலுமாரியைப் பார்த்தார். ஒரு மானத்தைக் காப்பாற்ற இன்னொரு மானத்தை விட வேண்டிய நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு அலுமாரியைத் தானே ஒரு முழம் நகர்த்தினார்.

கோப்பை அங்கே இல்லை. வெடிப்பு இருந்தது.

தரையிலிருந்து காலண்டருக்குப் பின்னால் போய்க் கூரை வரைக்கும் ஏறியிருந்தது. இடையிடையே பழந்துணி அடைத்திருந்தார்கள். துணி ஈரமாக இருந்தது. கையை விட்டேன், மணிக்கட்டு வரை உள்ளே போனது, வெளியே எடுத்தபோது விரல்களில் சிவப்பு மண். மேடு சுவருக்கே வந்துவிட்டிருந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. அந்தச் சுவரிலிருந்து எட்டு அடி தூரத்தில் ஒரு பெண்பிள்ளை ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் மேசை கிடந்தது. இந்தச் சுவருக்குத்தான் மூன்று தடவை இருபதுக்குப் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"கோப்பை இங்கதான் இருந்திருக்கு, நான்தான் கவனிக்கல" என்றபடி சுகந்தினி தேத்தண்ணியோடு வந்தார். தங்க விளிம்பு. ஆவி அடங்கியிருந்தது. ஊற்றி ஐந்து நிமிடமாவது இருக்கும்.

சுவருக்குப் பூச்சியம். ஆபத்து என்ற கட்டத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு விழுந்தால் மிச்ச மார்க்கில் பாதி போய்விடும். எண்பத்திரண்டு முப்பத்திரண்டு ஆனது. ராமச்சந்திரன் கையெழுத்து வைக்கும்போது இலக்கத்தைப் பார்த்தார். நான் இறங்கி வந்து கோயிலடியில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்தபோதுதான் பின்னால் ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க வியர்வை.

"அய்யா, ஒரு முப்பத்தஞ்சாவது போட்டுத் தாங்க. பாஸாவது ஆகட்டும். மூணே மூணு மார்க் தானுங்க."

பரீட்சையில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். மகள் படிக்கிறாளே, அவருக்குத் தெரியாதா? என் படிவத்திலும் அதே முப்பத்தைந்துதான் கோடு, அந்த மூன்று மார்க்கைப் போட்டால் அவருடைய சுவர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்பது மட்டும் தெரியாது. எனக்கோ சொல்லக் கூடாது. பேனை காதில் கனத்தது. மார்க்கை மாற்ற முடியாது, வேண்டுமானால் மேன்முறையீடு செய்யலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே அதற்கு ஒரு படிவம் கேட்டார். படிவம் முடிந்துவிட்டது என்றேன். பையில் ஒரு கட்டு இருந்தது. பதினொரு வருட சேவையில் நான் செய்த உருப்படியான காரியம் அந்தப் பொய்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் கமிட்டிக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாராம். எத்தனை மார்க் என்று மற்றவர்கள் இப்போது அவரைக் கேட்டார்களாம். ஆடி முடிவதற்குள் வேலைக்காரர்கள் வந்தார்கள். மேட்டை வெட்டிப் பின்னுக்குத் தள்ளி, நெஞ்சுயரத்துக்குக் கல் கட்டினார்கள். புதுப் பின்சுவர் எழும்பியது. ஐப்பசி மழையில் மேடு சரிந்தது. கல் கட்டு தாங்கியது. அன்று அந்த வீட்டில் யாரும் இஸ்தோப்பில் படுக்கவில்லை, உள்ளேதான் தூங்கினார்கள். இதை என்னிடம் சொன்னது சுகந்தினி.

போன மாதம், முடிந்த வேலைக்கு மார்க் போட மறுபடி போனேன். ராமச்சந்திரன் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார், பழைய புன்னகை திரும்பி வந்திருந்தது. உள்ளே கூட்டிப் போய்ப் புதுச் சுவரைக் காட்டினார். நல்ல சுவர். நடுவில் லட்சுமி. 2016.

இந்தத் தடவை விதியை மதிக்கவில்லை. காலண்டரைத் தூக்கினேன். சாந்துப் பூச்சில் தலைமயிர் அளவு ஒரு கீறல், விரல் நீளம்கூட இல்லை. ராமச்சந்திரன் அவசரமாகப் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"எழுதிறாதீங்கய்யா. பாஸ் பாவம் நல்ல மனுசன், அவரு பேரு கெட்டுப் போயிரும்."

கொத்தனாரைத்தான் பாஸ் என்கிறார். சுகந்தினி குசினி வாசலில் நின்று, கையிலிருந்த தங்க விளிம்புக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்துவிட்டு ஆபீசுக்கு வந்தேன். வந்தால் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் எங்கள் கட்டிடத்தைப் பார்க்க வந்திருந்தார். கையில் ஒரு பலகை, காதில் ஒரு பேனை. என் மேசைக்கு மேலே சீலிங் ஒழுகி மூன்று வருடம் ஆகிறது. ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி, வாளியை மறைத்துக் கோப்பு அடுக்கும் ராக்கை. ஏதாவது பழுது உண்டா என்று கேட்டார். நான் எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, என்ன சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

நீங்கள் சிரிக்க வேண்டாம். போன தடவை டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து "இப்போ எப்படி?" என்று கேட்டபோது, படியேறினால் மூச்சு வாங்குவதைச் சொன்னீர்களா, இல்லை அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு இறங்கி வந்தீர்களா? சரி, அது உங்கள் சொந்த விஷயம். நான் வீடு பார்க்கிறவன், வீட்டைப் பற்றி மட்டும் கேட்கிறேன். இதை வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்துங்கள். எதிரே சுவரில் தொங்குகிறதே காலண்டர், அது எந்த வருடத்துடையது?